குருவிமலையில் வேறு பாதை இல்லை

கண்டி
22.01.2023

ரபீகாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் பேனா போகவில்லை. அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். போனில் உன் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். அதை எடுத்துவிடும் எண்ணமும் இல்லை. ஆனாலும் எழுதித் தொலைக்க வேண்டியதாகிவிட்டது. காரணம் பாதைக் குழுவின் செயலாளர் தியாகராஜா.

அவருடைய கடிதம் உனக்கும் வந்திருக்கும். ஹந்தானையில் தொடங்கும் நீள்மலைப் பாதைக்குத் தமிழில் இரண்டு வழிகாட்டி நூல்கள் இருக்கின்றனவாம். ஒன்று நான் எழுதியது. மற்றது போன மாதம் நீயும் உன் சுந்தரியும் சேர்ந்து எழுதி வெளியிட்டது. பாதை தொடங்கும் இடத்தில் வைக்கப்போகும் பலகையில் ஒன்றின் பெயரைத்தான் போடுவார்களாம். எது துல்லியம் என்று நாம் இருவரும் ஒப்பிட்டு, ஒரே அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். அனுப்பாவிட்டால் இரண்டும் வேண்டாம், ஆங்கிலப் புத்தகமே போதும் என்று முடித்துவிடுவார்களாம். நாம் இருவரும் சேர்ந்து எழுதினால் சண்டை வராது என்று அந்த மனிதர் நினைக்கிறார். பாவம்.

சரி, ஒப்பிட்டுவிட்டேன். உங்கள் புத்தகத்தைக் கடையில் வாங்கினேன், நீ அனுப்பவில்லை என்பதால். ஒரே இருப்பில் படித்தேன். பிழைகளைக் குறித்துக்கொள்.

ஹந்தானை ஏற்றத்துக்கு, 'பேசிக்கொண்டே ஏறினால் களைப்புத் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். இது எந்த ஊர்க் கதை? என்னோடு நடந்த அத்தனை வருடமும் ஏற்றம் வந்தால் நீ வாயே திறக்க மாட்டாய். "பேசினா மூச்சு வாங்குது அக்கா" என்பாய். இப்போது மூச்சு எங்கிருந்து வந்தது?

கலஹாவில் தேத்தண்ணிக் கடையின் ரொட்டியைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தக் கடையை உனக்குக் காட்டியவள் யார்? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தவிர, ரொட்டி காலையில்தான் நன்றாக இருக்கும். மத்தியானத்தில் சப்பாத்துத் தோல்தான். அதையும் எழுதவில்லை.

இரண்டாம் நாள் நடையில் ஒரு பாறையைப் பற்றிச் சொல்லும்போது, 'நாங்கள் இங்கே வெகுநேரம் உட்கார்ந்து சிரித்தோம்' என்று ஒரு வரி. இது வழிகாட்டி நூலா, கல்யாண ஆல்பமா? நடக்கிறவனுக்கு அங்கே தண்ணீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். நீங்கள் சிரித்தது எதற்கு?

பின்னட்டைப் படத்தில் இருவருக்கும் ஒரே நிறத் தொப்பி. நல்லாயிருக்கு. நான் வாங்கித் தந்த தொப்பியை ஏன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. அது அறிக்கைக்குத் தேவையில்லாத விஷயம்.

உன் பதிலை எழுதி அனுப்பு. உன் வீட்டுக்காரர் பாரூக்குக்கு என் விசாரிப்பைச் சொல். உன்னோடுதான் எனக்குக் கோபம்.

பரிமளம்


கம்பளை
30.01.2023

அன்புள்ள பரிமளம் அக்காவுக்கு,

உங்களுக்குப் போகாத பேனா எனக்குப் போகிறது, பாருங்கள். கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், இந்தக் காலத்தில் கையால் விலாசம் எழுதிக் கடிதம் வருவது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் என்று சிரித்துவிட்டுப் போனார். சண்டை பிடிக்கிறவர்கள் எல்லாரும் போனிலேயே பிடித்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

உங்கள் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

ஏற்றத்தில் பேசியவள் சுந்தரி. நான் கேட்டுக்கொண்டு ஏறினேன். வங்கியில் பகல் முழுக்க யாரோடும் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவள், குண்டசாலையில் பஸ் ஏறியதிலிருந்து வாயை மூடுவதில்லை. அவளுடைய வரி அது. கேட்டுக்கொண்டே ஏறினாலும் களைப்புத் தெரியாதுதான்.

ரொட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மத்தியானத்தில் நாங்கள் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. திருத்திவிடலாம்.

அந்தப் பாறையில் தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை. எழுதியிருக்க வேண்டும். சிரித்தது எதற்கு என்று மறந்துவிட்டது. சுந்தரியைக் கேட்டேன், அவளுக்கும் நினைவில்லை.

தொப்பியைக் காற்று கொண்டுபோனது உங்களுக்கு மறந்துவிட்டதா? அதைப் பிடிக்கிறேன் என்று தேயிலைக்குள் ஓடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவரே நீங்கள்தான்.

இப்போது உங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். கோபிக்காதீர்கள், ஒப்பிடத் தொடங்கியது நீங்கள்தான். தெல்தோட்டைக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் மரப்பாலம் இப்போது இல்லை. மழையில் போய்விட்டது. சற்று மேலே புதிதாகக் கம்பிப் பாலம் போட்டிருக்கிறார்கள். எங்கள் புத்தகத்தில் அது இருக்கிறது. இது உங்கள் பிழை அல்ல, மழையின் பிழை.

ஆனால் குருவிமலைத் தோட்டத்தில் இருப்பது மழையின் பிழை அல்ல. உங்கள் புத்தகம் ஆட்களை மாரியம்மன் கோயிலுக்கு முன்னாலேயே திருப்பி, மலையின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறது. நேர்வழி கோயில் வாசலோடு போகிறது. நாங்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். போன ஐப்பசி மழையில் ஒரு தம்பதி உங்கள் சுற்றுவழியில் சறுக்கி விழுந்து, கிழிந்த சப்பாத்தோடு இங்கே பாரூக்கின் சப்பாத்துக் கடைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் உங்கள் புத்தகம் இருந்தது. காலில் அட்டைக்கடி, கண்ணில் தண்ணீர். "இந்த அம்மா இந்தப் பக்கம் உண்மையில நடந்திருக்காங்களா?" என்று கேட்டாள். நடந்திருக்கிறார் என்று சொன்னேன். கூட நடந்தவள் நான்தான் என்று சொல்லவில்லை.

அந்த ஒன்றை மட்டும் நீங்கள் ஒத்துக்கொண்டால் அறிக்கையை முடித்துவிடலாம்.

ரபீகா


கண்டி
06.02.2023

ரபீகா,

ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாலத்தை ஒத்துக்கொள்கிறேன். ரொட்டியில் நீ ஒத்துக்கொண்டாய், பாலத்தில் நான் ஒத்துக்கொண்டேன், கணக்குத் தீர்ந்தது. குருவிமலை அப்படி இல்லை. உங்கள் ஐம்பத்தேழாம் பக்கத்தை உனக்கே படித்துக் காட்டுகிறேன்: 'கோயில் வாசல் வழியே நேராக நடக்கவும். இங்கே வேறு பாதை இல்லை.' கோயில் வழி சுருக்கம் என்று எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. பின்பக்க வழி கடினம் என்று எழுதியிருக்கலாம். நீ அது இல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். நாம் இருவரும் நடந்த வழி அது ரபீகா.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். கோயிலடிக்கு வந்தபோது மேல்சட்டை இல்லாமல் ஒரு ஆள் கையை நீட்டி மறித்தான். "இப்படிப் போகக்கூடாதும்மா, சுத்திப் போங்க" என்றான். அவன் பார்த்தது என்னை அல்ல, உன் அபாயா அங்கியை. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "யாரப் பாத்துப் போகக்கூடாதுங்கிறீங்க? இவ என் தங்கச்சி மாதிரி. இவளுக்கு வழி இல்லாத கோயில் எனக்கும் வேண்டாம்" என்று கத்தினேன். சாமிக்கு முன்னால் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலைக்குப் பின்னால் ஏறினேன். தடம் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. இருந்தது. அதன் உச்சியில் அந்த ஊற்று இருந்தது.

நீ சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரில் காலை வைத்தாய். பிறகு பாடினாய். எத்தனை வருடப் பழக்கம் நமக்கு, நீ பாடுவாய் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அதை நினைத்துத்தான் என் புத்தகத்தில் எழுதினேன்: 'என் தோழி இங்கே உட்கார்ந்து பாடினாள். நீங்களும் பாடலாம், யாருக்கும் கேட்காது.' என் புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லாரும் அந்த வரியைத்தான் சொல்கிறார்கள். பாதை விவரம் சரியா தப்பா என்று ஒருவரும் கேட்பதில்லை, அந்த ஊற்று எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

அதை நீ அழித்துவிட்டாய். எதற்காக? சுந்தரியோடு கோயில் வாசலால் போவதற்காக. அதே வாசல்! நான் கூட வந்தபோது மூடியிருந்தது, அவள் கூட வந்தபோது திறந்துகொண்டதா? அல்லது அவள் கையில் கட்டியிருக்கும் ஜி.பி.எஸ். கடிகாரம் கோடு போட்ட இடமெல்லாம் பாதையாகிவிடுமா?

பஸ் நிலையத்துப் புத்தகக்கடை ஸெய்னுலாப்தீன் சொன்னார், நீங்கள் இருவரும் அடுத்து நக்கிள்ஸ் மலைப்பக்கம் போகப் போகிறீர்களாம். நான் கேட்காமலே சொன்னார். எல்லாருக்கும் தெரிகிறது, எனக்குத்தான் கடைக்காரர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சல் இல்லை என்று எழுதினால் அது உங்கள் ஐம்பத்தேழாம் பக்கம் போலாகிவிடும்.

பரிமளம்


கம்பளை
14.02.2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பாரூக் கேட்டார், "என்ன, அக்கா சமாதானத்துக்கு வந்திட்டாங்களா?" என்று. "இல்ல, இன்னும் ஏசுறாங்க" என்றேன். "அப்ப சொகமாத்தான் ஈக்கிறாங்க" என்று மறுபடி கணக்கில் குனிந்துகொண்டார்.

குருவிமலையைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். போய்ப் பாருங்கள். கோயிலுக்குப் பக்கத்து லயத்து வரிசையில் முதல் வீடு பேச்சியம்மாவுடையது. அன்றைக்கு நம்மை ஏன் மறித்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். சுந்தரியையும் அவளுடைய கடிகாரத்தையும் விட்டுவிடுங்கள். கடிகாரம் காட்டியதை எழுதியவள் அவள். ஐம்பத்தேழாம் பக்கத்தை எழுதியவள் நான்.

அறிக்கைக்கு இந்த வரியை எழுதி வைத்திருக்கிறேன்: 'குருவிமலைத் தோட்டத்தில் பாதை கோயில் வாசல் வழியே செல்கிறது. அங்கே வேறு பாதை இல்லை.' போய் வந்து கையெழுத்துப் போடுங்கள். மழை நாளில் மட்டும் போகாதீர்கள். தனியாகப் போகாதீர்கள் என்றும் எழுதத்தான் வந்தது, யாரோடு போவீர்கள் என்று எழுதுவது?

ரபீகா


கண்டி
17.02.2023

ரபீகா,

மாநகரசபையில் தண்ணீர்க் கட்டணப் பிரிவில் இத்தனை காலமாக வேலை செய்கிறேன். இல்லாததை உண்டு என்றோ உள்ளதை இல்லை என்றோ ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. உனக்காகவும் போட மாட்டேன்.

சிவராத்திரி கழித்து, இரண்டு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். தனியாகத்தான்.

பரிமளம்


கண்டி
05.03.2023

ரபீகா,

போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் கால்வலி காரணம் என்று சொல்லலாம். கால்வலியும் இருந்தது.

கோயில் வாசல் வழி திறந்துதான் கிடக்கிறது. ஆடு போகிறது, கொழுந்துச் சாக்கோடு ஆட்கள் போகிறார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் போகிறார்கள். நான் அங்கேயே நின்று உங்கள் புத்தகத்தையும் என் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பேச்சியம்மா வெளியே வந்து, "யாரத் தேடுறீங்க?" என்றாள். சொன்னேன். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, அன்னைக்குச் சண்டை போட்டது நீங்களா? அன்னைக்குக் காப்புக் கட்டியிருந்திச்சுங்க. திருவிழா முடியிற வரைக்கும் செருப்புக்காலோட யாரையும் வாசப்பக்கம் விடமாட்டோம். தொரையே வந்தாலும் சுத்தித்தான் போகணும். நீங்க ரெண்டு பேரும் பெரிய பெரிய பூட்ஸு போட்டுக்கிட்டு வந்து நின்னீங்க. எங்க வீட்டுக்காரரு வேற என்ன சொல்லுவாரு?"

அந்த ஆள் பார்த்தது உன் அபாயாவை அல்ல, நம் காலை. இத்தனை வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறேன். நான் கோயிலுக்குப் போகிறவள். தேர் பார்க்கிறவள். எங்கள் டவுன் கோயிலிலும் காப்புக் கட்டுவார்கள், ஆனால் தெருவை அடைப்பதில்லை. தோட்டத்தில் ஊரையே கட்டுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சண்டை பிடித்த சூட்டோடு வந்து, 'கோயில் வழியில் அனுமதி இல்லை' என்று அச்சில் வேறு போட்டுவிட்டேன். இத்தனை பேர் என்னை நம்பி மலையைச் சுற்றியிருக்கிறார்கள்.

ஆகவே நேர்வழி உன்னுடையதுதான். இதை எழுதுவதற்குள் எனக்கு இரண்டு தேத்தண்ணி தேவைப்பட்டது.

பிறகு பின்பக்கமாக ஏறினேன். போகாமல் எப்படி வருவது? பாறைகளில் எல்லாம் யாரோ மஞ்சள் பெயிண்டால் அம்பு போட்டிருக்கிறார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் 'பாட்டு ஊற்று' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. என் புத்தகத்தைப் படித்தவர்களின் வேலைதான். யோகட் கோப்பைகள், பிஸ்கட் பை, ஒரு ஒற்றைச் செருப்பு. ஆறேழு பேர் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்களும் பாடுங்க, இங்க வந்தா பாடணும்" என்றாள். நீ கால் வைத்த இடத்தில் அவள் கால் வைத்திருந்தாள். எழுந்து போடி என்று சொல்ல வாய் வந்தது. எந்த உரிமையில் சொல்வது? வரச் சொன்னவளே நான்தான்.

கீழே இறங்கியதும் பேச்சியம்மா இன்னொன்று சொன்னாள். நீயும் சுந்தரியும் வந்த அன்று நடந்தது. "அந்த அம்மா மட்டும் ஒத்தையில மேல போனாங்க. கூட வந்த புள்ள எங்க வாசல்லதான் குந்தியிருந்திச்சு, ரொம்ப நேரமா எங்கூடக் கதைச்சுக்கிட்டு. மேல என்ன இருக்குன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியல."

இது என்ன ரபீகா? புத்தகத்தில் இல்லை என்று எழுதிய பாதையில் நீ ஏன் ஏறினாய்? அவளை ஏன் கீழே உட்கார்த்தினாய்? உன் எல்லா நடைக்கும் அவள் வேண்டும், எல்லாப் பக்கத்திலும் 'நாங்கள், நாங்கள்' என்று எழுத வேண்டும், அங்கே மட்டும் தனியாகவா? ஒரு வாரமாக இதுவே மண்டையைக் குடைகிறது.

அறிக்கையில் நேர்வழியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'வேறு பாதை இல்லை' என்பது இப்போதும் பொய்தான். அந்தச் சொற்களை எடு. இல்லாவிட்டால் ஏன் எழுதினாய் என்று சொல்.

பரிமளம்


கம்பளை
12.03.2023

அன்புள்ள அக்கா,

சொல்கிறேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அன்றைக்குக் காப்பு என்று எனக்குத் தெரியும். வாசலில் வேப்பிலைத் தோரணம், அந்த மனிதரின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. எங்கள் வாப்பாவின் கடை இருந்ததே ஒரு தோட்டத்து ஓரத்தில்தான். காப்புக் கட்டினால் கடைக்குக் கருவாடு எடுக்க மாட்டார் வாப்பா, எடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். எனக்குத் தெரியாத விஷயமா? சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் கத்தத் தொடங்கிவிட்டீர்கள்.

எனக்காக யாரும் அப்படிக் கத்தியதில்லை அக்கா. கம்பளைச் சந்தையில் எவனாவது ஒரு வார்த்தை சொன்னாலும், விடு விடு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் என்னைச் சுற்றி இருப்பவர்கள். உம்மாவும் அப்படி, பாரூக்கும் அப்படி. அவர்கள் நல்லவர்கள், அதனால்தான் அப்படி. நீங்கள் உங்கள் சாமிக்கு முன்னாலேயே நின்று எனக்காகச் சண்டை போட்டீர்கள். அது தேவையில்லாத சண்டை என்று சொல்லி அதை ஏன் கெடுப்பது? அந்த மனிதரைப் பார்த்துக் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு உங்களோடு வந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் பாடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் பாடியது அந்த ஒரு தடவைதான்.

அதை நீங்கள் அச்சில் போட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. 'என் தோழி' என்றுதானே எழுதினேன், பெயர் போடவில்லையே என்பீர்கள். உண்மைதான். கடைக்கு வரும் ஒவ்வொருவரும் நல்ல பிடிப்புள்ள சப்பாத்துக் கேட்கும்போது, ஊற்றுக்குப் போகப் போகிறோம் என்றார்கள். ஒரு பெண் அங்கே பாடிய படத்தைப் போனில் எனக்கே காட்டினாள். பாரூக் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு அந்தத் தோழி, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கு நான் பாடுவேன் என்பதே தெரியாது.

நீங்கள் சுந்தரியைப் பார்த்து எரிந்தீர்கள். நான் உங்கள் புத்தகத்தை வாங்கிய ஒவ்வொருவரையும் பார்த்து எரிந்தேன். நீங்கள் ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் போதும், நான் ஊரையே பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

அதனால்தான் இன்னொரு புத்தகம் எழுதினேன். உங்கள் புத்தகத்தை ஆட்கள் கீழே வைக்க வேண்டும் என்றால், மற்றது அதைவிடத் துல்லியமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் சுந்தரியும் அவளுடைய கடிகாரமும். அவள் நல்ல பிள்ளை. நடை முழுக்கச் சிரிக்கவைப்பாள். ஆனால் குருவிமலைக்கு வந்ததும், "லுஹர் தொழுதிட்டு வாறன், நீ இதில இரி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். மேலே தொழவும் செய்தேன். திரும்பி வந்ததும், மேலே பாதை இருக்கிறதா, குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

புத்தகம் முழுக்க ஒவ்வொரு வரியையும் நடந்து பார்த்து எழுதினோம். அந்த ஒரு வரி மட்டும் பொய். அந்த ஒரு பொய்க்காகத்தான் மற்ற உண்மைகள் எல்லாம்.

கையெழுத்துப் போட்டால் உங்கள் புத்தகம் பாதையில் இருக்காது. போடாவிட்டால் நான் கோபிக்க மாட்டேன். அந்தச் சொற்களை மட்டும் எடுக்க மாட்டேன்.

ரபீகா


கண்டி
20.03.2023

அன்புள்ள ரபீகா,

கையெழுத்துப் போட்டுத் தியாகராஜாவுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். உன் வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "என்னங்க அக்கா, ஒங்க புத்தகத்துல அந்தப் பின்பக்கச் சுத்து இருக்கே, வரைபடத்தோட? நெறையப் பேர் போயிட்டும் வந்திருக்காங்களே?" என்றார்.

"அது பிழை தம்பி. அங்க அப்படி ஒரு பாதை இல்ல" என்றேன்.

நான் பிழை என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். என் புத்தகத்தை இனி அச்சடிக்க வேண்டாம் என்று அச்சகத்துக்கும் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது வாவிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் நடந்து எழுதிய புத்தகம், அழுகை வரத்தான் செய்தது. இருந்தாலும் நிம்மதியாகவும் இருந்தது. நீ அவளைக் கீழே உட்கார்த்திவிட்டு மேலே ஏறினாய் என்பதை நினைக்க நினைக்க நல்லாயிருக்கிறது. இது நல்ல குணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காப்பு விஷயத்தை அன்றே சொல்லியிருக்கலாம். கத்தியது கத்தியதுதானே. சாமி கோபித்திருந்தால் இத்தனை நாளில் காட்டியிருக்கும்.

வரும் சனிக்கிழமை வேலை இருக்கிறது. அந்த மஞ்சள் அம்புகளை எல்லாம் சுரண்ட வேண்டும். கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் வாங்கி வைத்திருக்கிறேன். பேச்சியம்மாவிடம் ஒரு கத்தி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தடத்தில் புல் வளர ஒரு மழை போதும். இரண்டு பேர் செய்தால் ஒரு பகலில் முடியும். நீ கம்பளையிலிருந்து வந்துவிடு, நான் கலஹாவில் நிற்கிறேன்.

சுந்தரி கேட்டால் தொழப் போகிறேன் என்றோ சப்பாத்து விற்கப் போகிறேன் என்றோ எதையாவது சொல். கூட்டிக்கொண்டு மட்டும் வந்துவிடாதே. அவள் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் சரி, அவளுக்கும் அங்கே பாதை இல்லை.

பரிமளம்